ஆயிரத்து இருபத்திரண்டாவது திமிங்கலம்

அத்தியாயம் 4

"ஒரு கொலை இல்லை பாஸ். ஒரு கத்திக்குத்து இல்லை. அட, ஒரு மொட்டைக் கடுதாசிகூட இல்லை. இதையெல்லாம் கேஸுன்னு எடுத்துக்கிட்டா நாளைக்கு ஊர்ல நம்மளை எவன் மதிப்பான்?"

துப்பறியும் உதவியாளன் கஸ் மான்செல் இவ்வாறு அங்கலாய்த்தபோது அவன் வாயில் பாதி கேக் இருந்தது. ஹோபார்ட் துறைமுகத்தை ஒட்டிய கடலொலி ஆய்வு நிலையத்தின் மாடியில், தேநீர் அறைக் குளிர்பெட்டியின் கதவு திறந்தே கிடந்தது. கேக் அதற்குள்ளிருந்து வந்திருந்தது. யாரும் கொடுத்து வந்ததன்று.

"யாரோட கேக் அது?" என்று திரும்பாமலே கேட்டாள் ஹெஸ்டர் பைபஸ். ஜன்னலுக்கு வெளியே, தெற்குப் பனிக்கடலுக்குப் புறப்படவிருந்த சிவப்புக் கப்பலில் கடைசிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மேல 'கெர்ட்டிக்கு ஒரு வயசு'ன்னு எழுதியிருந்தது. இப்ப 'ட்டிக்கு ஒரு வயசு'ன்னு இருக்கு."

"இந்தக் கட்டடத்துல குழந்தையே கிடையாதே."

"அதான் பாஸ், பாவம், யாரும் சாப்பிடலையேன்னு..."

ஹெஸ்டருக்கு ஐம்பது வயது. இளமையில் இதே துறைமுகத்தின் நடன விடுதி ஒன்றில் வாசல் காத்தவள். உள்ளே வருபவர்களின் புறங்கையில் முத்திரை குத்துவதும், குடித்துவிட்டு ஆடுபவர்களைத் தூக்கி வெளியே வைப்பதும் அவள் வேலையாக இருந்தன. பிறகு துப்பறியத் தொடங்கினாள். தொழில் மாறியதே தவிர குணம் மாறவில்லை: ஓர் ஆளைப் பார்த்தால் அவன் யார் என்பதைவிட எப்போது உள்ளே வந்தான் என்பதே அவளுக்கு முதலில் தோன்றும்.

அன்று காலை அவளை வரவழைத்தவர் நிலையத்தின் இயக்குநர் டாக்டர் ஹெட்லம். குறை இதுதான். மெரின் டைரீன் என்னும் ஆய்வாளர், கடலடி ஒலிவாங்கிகள் பதிந்தனுப்பிய திமிங்கலக் குரல்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் திறந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, திமிங்கலங்கள் எங்கே திரிகின்றன என்று வரைபடம் போடும் கணினி நிரல் ஒன்றை எழுதியிருந்தாள். அந்த வரைபடம் இன்று மாலை கப்பலோடு போயாக வேண்டும். ஆனால் இந்த வாரத் தொடக்கத்திலிருந்து நிரல் பாதியிலேயே செத்து விழுந்துகொண்டிருந்தது.

குற்றவாளியையும் ஹெட்லமே கண்டுபிடித்து வைத்திருந்தார்: நிலையத்தின் லினக்ஸ் சர்வரைப் பராமரிக்கும் கோரி ட்ரிஃபிட். கப்பலில் தானும் வருவதாகக் கோரி கேட்டிருந்தான். மெரின் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தாள். "கப்பல் சங்கு மூணாவது தடவை ஊதறதுக்குள்ள மேப் வரலேன்னா, அவன் வீட்டுக்குப் போகலாம். வந்தாலும் அவன் கைவரிசைன்னு தெரிஞ்சா போகலாம்" என்றார் ஹெட்லம். கோரி தப்பிப்பதற்கு இரண்டு கதவுகள் இருந்தன. இரண்டையும் அவர் வெளிப்பக்கம் தாழிட்டிருந்தார்.

முதல் சங்கு, கஸ் விரல்களை நக்கிக்கொண்டிருந்தபோது ஊதிற்று.

*

மெரினின் அறைக்குப் போகும் நடைவழியில் பழைய கப்பல் மணியொன்று தொங்கியது. ஹெஸ்டர் நின்று அதன் நாவை உற்றுப் பார்த்தாள். ஒரு சிலந்தி அதில் வலை பின்னி, குடும்பம் நடத்தி, ஏறக்குறைய ஓய்வும் பெற்றிருந்தது.

"மணி அடிச்சு விளையாட நேரமில்லை பாஸ்" என்றான் கஸ்.

"யாருமே அடிக்காத மணியை எதுக்கு இவ்வளவு பளபளன்னு தேய்ச்சு வெச்சிருக்காங்க?"

"அதையும் கேஸ்ல சேர்த்துக்கலாமா?"

அறைக்குள் மெரின், தூங்காத கண்களும் கலைந்த தலையுமாக, மடிக்கணினிக்கு முன் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஆறிப்போன காப்பிக் கோப்பைகள்.

"எப்படிச் சாகுது?" என்றாள் ஹெஸ்டர்.

"எப்பவும் ஒரே இடத்துல. ஆயிரத்து இருபத்தோரு ரெக்கார்டிங் நல்லாத் திறக்குது. அடுத்ததைத் தொட்டதும் பொத்துனு விழுந்துடுது."

"அந்த அடுத்தது என்ன?"

"ஒரு கூன்முதுகுத் திமிங்கலம். கிழவன், கொஞ்சம் அபஸ்வரம். அதுல ஏதோ கோளாறுன்னு தூக்கிட்டேன். அதுக்குப் பின்னாடி நின்ன நீலத் திமிங்கலம் அந்த இடத்துக்கு வந்தது. அதுலயும் செத்தது."

"திமிங்கலத்து மேல தப்பில்லை, சீட்டு மேலதான் தப்பு" என்றான் கஸ். "எங்க ஊர் பஸ்ல ஒரு சீட்டு இருக்கு, எவன் உட்கார்ந்தாலும்..."

"கஸ்."

"சரி பாஸ்."

"போன வருஷம் ஓடிச்சா?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

"ஜோரா ஓடிச்சே! ஆனா போன வருஷம் ஒலிவாங்கி கம்மி. ஆயிரம் ரெக்கார்டிங்கூட வரலை. இந்த சீசன்லதான் கப்பல் நிறையப் போட்டுட்டு வந்தது." மெரின் தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கோரிதான் செஞ்சான்னு எனக்குத் தோணலை. ஆனா டைரக்டர் சொல்லச் சொல்ல... ஒரு நிமிஷம் நானும் நினைச்சுட்டேன். அது வேற உறுத்துது."

*

கோரி ட்ரிஃபிட், அடித்தளத்தில், சர்வர் அறையின் குளிரில், காலியான மேஜைக்கு முன் கைகட்டி உட்கார்ந்திருந்தான். மேஜையில் திரை இருந்தது. கீபோர்டு இல்லை.

"டைரக்டர் பிடுங்கிட்டுப் போயிட்டார்" என்றான். "அவரோட டிராயர்ல வெச்சுப் பூட்டியிருக்கார். தொட்டா போலீஸாம்."

"துப்பாக்கியைப் பிடுங்கிப் பார்த்திருக்கேன்" என்றான் கஸ். "கீபோர்டைப் பிடுங்கினது இதான் முதல் தடவை."

"அந்த ஆயிரத்து இருபத்தொண்ணு" என்றாள் ஹெஸ்டர். "அது உனக்கு ஏதாவது சொல்லுதா?"

கோரியின் முகம் அந்தத் துயரத்திலும் சற்று மலர்ந்தது. தன் தொழிலைப் பற்றி யாராவது கேட்டு வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். "சொல்லுது, கத்திச் சொல்லுது! லினக்ஸ்ல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு லிமிட் உண்டு. இவ்வளவு மெமரி, இவ்வளவு வேலை, ஒரே நேரத்துல இத்தனை ஃபைல்னு. இல்லேன்னா ஒருத்தனே மொத்த சர்வரையும் தின்னுட்டு ஏப்பம் விட்டுடுவான்."

ஹெஸ்டர் கஸ்ஸைப் பார்த்தாள். கஸ் உதட்டோரத்துக் கேக் துணுக்கைத் துடைத்துக்கொண்டான்.

"ஃபைலுக்குப் பழைய லிமிட் ஆயிரத்து இருபத்து நாலு" என்று தொடர்ந்தான் கோரி.

"அப்ப மூணு உதைக்குதே?" என்றாள் ஹெஸ்டர்.

"உதைக்காது. எந்த புரோகிராம் பிறந்தாலும் கையில மூணோடதான் பிறக்கும். கேக்கறதுக்கு ஒண்ணு, பேசறதுக்கு ஒண்ணு, தப்பு நடந்தா புலம்பறதுக்கு ஒண்ணு. அந்த மூணு போக மிச்சம்தான் நமக்கு."

கஸ் விரல் விட்டுக் கழித்துப் பார்த்தான். "ஆயிரத்து இருபத்தொண்ணு! அட, புலம்பறதுக்குன்னே தனியா ஒண்ணு ஒதுக்கியிருக்கான் பாருங்க பாஸ். எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா ரொம்ப சந்தோஷப்படுவாங்க."

"ஆக, பழைய லிமிட் தடுக்குது. நீ அதை ஏத்தியிருக்கலாமே?" என்றாள் ஹெஸ்டர்.

"ஏத்தினேனே! மெரின் வந்து சொன்ன அன்னிக்கே, அவ பேருக்கு அறுபதாயிரத்துக்கு மேல ஏத்திட்டேன். டைரக்டரே வந்து எட்டிப் பார்த்தார். நம்பர் அங்கதான் இருக்கு. புது லிமிட் வேணும்னா மறுபடி லாகின் பண்ணி வரணும்னு மெரின்கிட்ட சொன்னேன். பண்ணிட்டேன்னு அவளும் சொன்னா. ஆனாலும் விழுது."

"உன் கையில ஓடிச்சுன்னு கேள்வி."

கோரி தலையைப் பிடித்துக்கொண்டான். "அதுதான் என் தலையெழுத்து! டைரக்டர் முன்னாடி, இதே மேஜையில, மெரின் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தா. அவ பேர்லயே ஓட்டிக் காட்டினேன். ஆயிரத்து இருபத்தொண்ணைத் தாண்டி ஜம்முனு போச்சு. அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'பார்த்தீங்களா, இவன் கைக்கு மட்டும் கட்டுப்படுது'ன்னு கத்தி, பாதியில நிறுத்திட்டார். இவன் போட்ட மேப்பை நம்ப முடியாது, திமிங்கலத்தையெல்லாம் பாலைவனத்துல மேய விட்டுடுவான்னு சொல்லி, கீபோர்டைப் பிடுங்கிட்டார்."

அதே பெயர், அதே சர்வர், அதே நிரல். அடித்தளத்தில் பிழைக்கிறது, மாடியில் சாகிறது. கஸ்ஸுக்குப் புல்லரித்தது. ஒருவேளை இதில் ஒரு கொலை தேறினாலும் தேறும்.

"உனக்கு யார் மேலயாவது சந்தேகமா, மச்சான்?" என்று ரகசியக் குரலில் கேட்டான்.

"நான் வந்தே ஒரு குளிர்காலம்தான் ஆச்சு. மாடிக்காரங்க யாரையும் அவ்வளவாத் தெரியாது. அங்க ஒரு மணி தொங்குதே, அதை யாராவது அடிச்சா மாடிக்கே ஸ்காலப் பை, அதான் சிப்பிக்கறி வெச்ச பேஸ்ட்ரி, வாங்கித் தரணுமாம். சேர்ந்த அன்னிக்கே ஆசை காட்டினாங்க. எதுக்கு அடிக்கணும்னு யாரும் சொல்லலை. ஒருத்தரும் அடிச்சதும் இல்லை. கறிமசாலா போட்ட பை. நினைச்சாலே நாக்கு ஊறுது." அவன் பெருமூச்சு விட்டான். "அப்புறம்... மெரின்கூட இன்னொரு பொண்ணு இருக்கா. பார்த்ததில்லை. சாயங்காலம் மெரின் கிளம்பறப்போ படிக்கட்டு வரைக்கும் கேட்கும்: 'போயிட்டு வரேன் கெர்ட்டி, பத்திரமா இரு'ம்பா."

கஸ் துள்ளி எழுந்தான். இரண்டாவது சங்கு ஊதிற்று.

*

"கெர்ட்டி!" என்று படியேறும்போதே முழங்கினான் கஸ். "பகல்ல கண்ணுல படறதில்லை. மெரின் போனதுக்கப்புறமும் ரூம்லயே இருக்கா. மெரினோட லேப்டாப், மெரினோட நாற்காலி, எல்லாம் அவ கைக்குள்ள. பகல்ல கோரி லிமிட்டை ஏத்த, ராத்திரியோட ராத்திரியா அவ இறக்கிடறா. கேஸ் முடிஞ்சுது பாஸ்!"

"அந்த கெர்ட்டிக்கு வயசு ஒண்ணு" என்றாள் ஹெஸ்டர்.

கஸ் ஒரு படியில் நின்றான். "நல்லாப் பழக்கியிருக்காங்க."

இயக்குநர் ஹெட்லம் மெரினின் அறையில் ஏற்கெனவே நின்றிருந்தார். நாள்தோறும் மாலையில் தன் கணினியை முறையாக அணைத்து, உறை போட்டு மூடிவிட்டுப் போகிற ஒரே மனிதர் அந்தக் கட்டடத்தில் அவர்தான். அவர் முகமும் அப்படித்தான் உறை போட்டதுபோல் இருந்தது. கோரியையும் மேலே அழைத்து வரச் செய்திருந்தாள் ஹெஸ்டர். அவன் மெரினின் மேஜையோரம், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"கண்டுபிடிச்சுட்டோம்!" என்று கஸ் அறிவித்தான். "குற்றவாளி கெர்ட்டி!"

மெரினின் முகம் சிவந்தது. பிறகு அவள் பார்வை கஸ்ஸின் சட்டைக் காலரில் நின்றது. அங்கே இளஞ்சிவப்புக் கிரீம் ஒரு பொட்டு.

"கெர்ட்டியோட கேக்கைத் தின்னது நீங்களா?"

"அது... விசாரணைக்காக."

"நாளைக்குக் கொண்டாடலாம்னு வெச்சிருந்தேன்! மாடியில எல்லாரும் மெழுகுவத்திக்குக் காசு போட்டு..."

"மெரின்" என்று குறுக்கிட்டாள் ஹெஸ்டர், மிக மென்மையாக. "கெர்ட்டியைக் கொஞ்சம் காட்டறியா?"

மெரின் ஹெட்லமை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு மடிக்கணினியை எல்லோரும் காணும்படி திருப்பினாள். கறுப்புத் திரை, அதில் கண்சிமிட்டும் ஒரு கோடு, அடியில் சின்ன எழுத்தில், கெர்ட்டி.

"இதுவா?" என்றான் கஸ். அவனுடைய கொலைகாரி அவ்வளவு சிறியவளாக இருப்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"இது என் செஷன்" என்றாள் மெரின். "கப்பல்ல இருக்கறப்போ சாட்டிலைட் லைன் அடிக்கடி அறுந்துடும். அறுந்தா வேலையெல்லாம் போயிடும். அதனால சர்வர் உள்ளயே கட்டளை தட்டற டெர்மினல் ஒண்ணை நிரந்தரமா ஓட விட்டுடுவோம். நாம போனாலும் அது அங்கயே இருக்கும். திரும்பி வந்தா விட்ட இடத்துல பிடிச்சுக்கலாம். மாடியில எல்லாருக்கும் ஒண்ணு உண்டு. பேரு வைப்போம். பிறந்தநாள் கொண்டாடுவோம். கப்பல்காரங்க ராசி பாருங்க, செஷனை மூடினா ஆகாது. மூடினவங்க மணியடிச்சு எல்லாருக்கும் பை வாங்கித் தரணும்."

"என் நிலையத்துலயா?" என்றார் ஹெட்லம்.

"உங்களுக்குத் தெரிஞ்சா தினமும் மூடச் சொல்வீங்கன்னுதான் சொல்லலை."

ஹெஸ்டர் நாற்காலியில் உட்காராமல் மேஜையில் சாய்ந்துகொண்டாள். கஸ்ஸுக்கு அந்தச் சாய்வு தெரியும். முடிச்சு அவிழப்போகிறது.

"நான் டான்ஸ் ஹால் வாசல்ல நின்ன காலத்துல, உள்ள வர்றவன் கையில முத்திரை குத்துவேன். பச்சை முத்திரைக்கு ஒரு கிளாஸ் பீர்தான். ஒருநாள் முதலாளிக்கு மனசு இளகி, இனிமே எல்லாருக்கும் சிவப்பு முத்திரை, எத்தனை கிளாஸ் வேணாலும் குடிக்கலாம்னுட்டார். வாசல்ல போர்டும் மாட்டியாச்சு. ஆனா உள்ள ஏற்கெனவே ஆடிட்டு இருக்கறவன் கையில என்ன இருக்கும்?"

"பச்சை" என்றான் கஸ்.

"சிகரெட் பிடிக்க வெளிய வந்துட்டுத் திரும்பிப் போனா?"

"பழைய முத்திரையைக் காட்டிட்டு உள்ள போவான். அப்பவும் பச்சைதான்."

கோரியின் வாய் மெல்லத் திறந்தது. "கடவுளே" என்றான்.

"லிமிட்டும் அப்படித்தானே, கோரி? ஃபைல்ல எழுதினது வாசல் போர்டு. முத்திரை குத்தறது உள்ள நுழையறப்போ மட்டும்தான். கெர்ட்டி நுழைஞ்சது ஒரு வருஷத்துக்கு முன்னாடி. அவ கையில பழைய முத்திரை. அவளுக்குள்ள பிறக்கிற எல்லாத்துக்கும் அதே முத்திரைதான்."

"ஆனா நான் மறுபடி லாகின் பண்ணினேனே!" என்றாள் மெரின். "லேப்டாப்பை மூடி, திறந்து, பாஸ்வேர்டு போட்டு..."

"போட்டு, நேரா எங்க போனே?"

மெரின் மடிக்கணினியைப் பார்த்தாள். "கெர்ட்டிகிட்ட" என்றாள் சன்னமாக. "இந்த லேப்டாப்புல லாகின் பண்ணினாலே அவகிட்ட கூட்டிட்டுப் போற மாதிரி நான்தான் எழுதி வெச்சிருக்கேன்."

"கோரி கீழ இருந்து உன் பேர்ல புதுசா நுழைஞ்சான். புது முத்திரை. அதனால ஓடிச்சு. இதுல சூதும் இல்லை, மாயமும் இல்லை. ரெண்டு பேருமே நிஜத்தைத்தான் சொல்லியிருக்கீங்க."

ஹெட்லம் தொண்டையைச் செருமினார். "நிரூபிங்க."

ஜன்னலுக்கு வெளியே கப்பலின் கயிறுகளை அவிழ்க்க ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

"கெர்ட்டி போயிட்டா, லேப்டாப் உன்னைப் புது ஆளா உள்ள விடும்" என்றாள் ஹெஸ்டர்.

மெரின் கோரியைப் பார்த்தாள். அவன் மேஜை விளிம்பில் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். சட்டென்று விரல்கள் நின்றன. அவன் கண்கள் திறந்த கதவு வழியே நடைவழிக்குப் போயின. மெரின் கெர்ட்டிக்குள் இருந்தவற்றையெல்லாம் சேமித்தாள். "நல்லா உழைச்சே, குட்டி" என்றாள். வெளியேறும் கட்டளையைத் தட்டினாள். கெர்ட்டி என்ற பெயர் திரையிலிருந்து மறைந்தது.

புதிதாக நுழைந்தாள். தூக்கியிருந்த கிழத் திமிங்கலத்தைப் பழைய இடத்திலேயே சேர்த்து, நிரலை ஓடவிட்டாள். எண்கள் உருண்டன. ஆயிரம். ஆயிரத்துப் பத்து. கஸ் ஹெட்லமின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஹெட்லம் அதைக் கவனிக்கவில்லை. ஆயிரத்து இருபத்தொன்று.

பிறகு ஆயிரத்து இருபத்திரண்டாம் இருக்கையில், அபஸ்வரக் கிழவன் அமர்ந்தான். நிரல் சாகவில்லை. அவனுக்குப் பின்னே நீலத் திமிங்கலமும், அதற்குப் பின்னே கடலே திரண்டு வருவதுபோல் மற்றவையும் வந்து சேர்ந்தன. சிறிது நேரத்தில் திரையில் வரைபடம் புள்ளி புள்ளியாகப் பூக்கத் தொடங்கியது. ஒரு திமிங்கலம்கூடப் பாலைவனத்தில் இல்லை.

*

மெரின் தானே போய் மணியை அடித்தாள். சிலந்தி குடும்பத்தோடு இடம்பெயர்ந்தது. மாடியின் எல்லா அறைகளிலிருந்தும் தலைகள் நீண்டன; "பை!" என்று எவரோ கூவ, நடைவழி திருவிழாவாயிற்று. வரைபடத்தோடு ஒருவர் துறைமுகத்துக்கு ஓடினார். ஹெட்லம் தன் அறைக்குப் போய், கீபோர்டை இரு கைகளிலும் ஏந்தி வந்து, மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர்கள் செய்வதுபோல், அதை ஒருமுறை துடைத்துக் கோரியிடம் கொடுத்தார்.

கோரி அதை அணைத்தபடி கஸ்ஸின் காதருகே வந்தான். கண்களில் விஷமம் வழிந்தது.

"மச்சான், யார்கிட்டயும் சொல்லாதே. கெர்ட்டி சாக வேண்டிய அவசியமே இல்லை. ஓடிட்டு இருக்கற செஷனுக்கும் லிமிட்டை ஏத்தலாம். நான் ஒரே ஒரு வரி தட்டினா போதும்."

கஸ் திகைத்தான். "ஏன் சொல்லலை?"

"கீபோர்டைத் தொடக்கூடாதுன்னு டைரக்டர் உத்தரவாச்சே!" கோரி அடக்க மாட்டாமல் சிரித்தான். "ஒரு குளிர்காலம் முழுக்க அந்தப் பைக்குக் காத்திருந்தேன். என் மேலயா பழி போடறீங்க? போடுங்க, பையைப் போடுங்க!"

அந்நேரம் நடைவழியின் மறுமுனையிலிருந்து மெரினின் குரல் வந்தது.

"கோரி! உன்னைச் சந்தேகப்பட்டதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. புதுச் செஷனுக்கு உன் பேரை வெச்சிருக்கேன். அடுத்த வருஷம் கேக் வெட்டறப்போ நீதான் மெழுகுவத்தி ஊதணும்!"

கோரியின் சிரிப்பு பாதியில் நின்றது. முகத்தில் வெள்ளை பரவி, பிறகு சிவப்பு பரவிற்று. "பாதி பை நான் வாங்கறேன்" என்றான் திடீரென்று.

"எதுக்கு?"

"சும்மா" என்று முனகிவிட்டு, கீபோர்டும் கையுமாகப் படியிறங்கிக் கடைக்கு ஓடினான்.

மூன்றாவது சங்கு ஊதியபோது ஹெஸ்டரும் கஸ்ஸும் துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கொரு ஸ்காலப் பையோடு. சிவப்புக் கப்பல் திமிங்கலங்களை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது.

"பாஸ்" என்றான் கஸ், ரகசியம் வயிற்றில் தங்காமல். "ஒரு விஷயம். கெர்ட்டியை அவன்..."

"தெரியும். மேஜை மேல அவன் விரல் ஒரு வரி தட்டிச்சு, கீபோர்டே இல்லாம. அப்புறம் நிறுத்திட்டு மணியைப் பார்த்தான்."

"அப்ப நம்ம கண்ணு முன்னாடியே நடந்தது! திட்டம் போட்டு! அத்தனை சாட்சி இருக்க! பாஸ், இது கொலை! பிடிச்சுக் கொடுக்க வேணாமா?"

"எதை வெச்சு?" ஹெஸ்டர் தன் பையைப் பெரிதாக ஒரு கடி கடித்தாள்; மஞ்சள் குழம்பு அவள் முகவாயில் வழிந்தது. "ஒரு தடயத்தைக் காலைல நீ தின்னே. இன்னொண்ணை இப்ப நான் தின்னுட்டு இருக்கேன்."